ரப்பர் வாங்கும் ரப்பர் நாடு

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நான் படித்த பூகோளம் நாலே வரி. மலாயா ஒரு விவசாய நாடு. ரப்பரிலும் ஈயத்திலும் உலகில் முதலிடம். மக்கள் மூவினத்தவர். மலாய்க்காரர் நெல் விளைவிப்பர், சீனர் ஈயம் எடுப்பர், இந்தியர் பால்மரம் வெட்டுவர். வாத்தியார் கரும்பலகையில் எழுதிப் போட, நாங்கள் ராகம் இழுத்து ஒப்பிப்போம். விவசாயம், மக்கள், பொருளாதாரம் மூன்றும் ஒரே மூச்சில் முடிந்துவிடும். வெள்ளைக்காரன் தன் வசதிக்குப் பிரித்துக் கொடுத்த வேலை அது. எங்களுக்கோ சூரியன் கிழக்கே உதிப்பது போல அதுவும் இயற்கை.

அந்த ரப்பரே இந்த மண்ணுடையதில்லை. பிரேசில் காட்டு விதை 1876இல் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய், மறு வருடம் 22 நாற்றுகளாகச் சிங்கப்பூர் வந்தது. அங்கே தாவரவியல் பூங்காவுக்குத் தலைவராக இருந்த ரிட்லி, மரம் சாகாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்து, பார்க்கிற முதலாளியிடமெல்லாம் ‘ரப்பர் நடுங்கள்’ என்றார். பைத்தியக்கார ரிட்லி என்று சிரித்தார்கள். பிறகு மோட்டார் கார் வந்தது, டயர் வந்தது, சிரித்தவர்கள் பணக்காரர் ஆனார்கள். மரத்துக்கு ஆள் வேண்டுமே? அதற்குத்தான் ஆள் பிடிக்கும் கங்காணி, நாகப்பட்டினம், கப்பல், என் தாத்தா.

விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போக வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். அப்பா தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் நுழைந்தால் நானூறு, ஐந்நூறு மரம். சீவுவது, மங்குக் கிண்ணத்துப் பாலைச் சேர்ப்பது, வாளி சுமந்து ஸ்டோரில் நிறுப்பது. மழை பெய்தால் பட்டை நனைந்து பால் வழிந்தோடிவிடும். “இன்னைக்கு வெட்டு இல்ல, வீட்டுக்குப் போங்க” என்பார் கணக்கு எழுதும் கிராணி. வெட்டு இல்லை என்றால் சம்பளமும் இல்லை. வருடத்தில் பாதி நாள் மழை பெய்யும் தேசத்தில் இப்படி ஒரு தொழிலை வைத்து உலகில் முதலிடம் பிடித்தோம். அந்த முதலிடத்தால் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குக் கிடைத்தது, பூகோளத்தில் முழு மார்க்கு.

அப்புறம் செம்பனை வந்தது. அதன் முதல் வியாபாரத் தோட்டம் 1917இலேயே கோலசிலாங்கூர் பக்கம் தென்னமராமில் போட்டாயிற்று. ரப்பர் விலை சரியச் சரிய, துரைமார் பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். பால்மரம் ஆறேழு வருடம் காக்க வைக்கும். செம்பனை மூன்றாம் வருடமே குலை தள்ளும். ஏக்கருக்கு ஆளும் குறைவு. பெண் பூவுக்கு மகரந்தம் ஊதும் வேலை மட்டும் பெண்களுக்குக் கிடைத்தது. 1981இல் கேமரூனிலிருந்து ஒரு வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அது அந்த வேலையை இலவசமாகச் செய்தது. லீவு கேட்கவில்லை, சங்கத்திலும் சேரவில்லை.

இதற்கிடையில் 1969 வந்தது. குடியுரிமை இல்லாத சிவப்புக் கார்டுக்காரர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்றார்கள். காடு வெட்டி மரம் நட்டவர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறினார்கள். சில வருடம் கழித்து, தோட்டத்தில் ஆள் பற்றாக்குறை என்று அதே நாடு இந்தோனேசியாவிலிருந்தும் பிறகு வங்காளதேசத்திலிருந்தும் ஆள் எடுத்தது.

நிலமில்லாதவருக்கு நிலம் தர 1956இலேயே ஃபெல்டா என்ற அரசு அமைப்பு உருவானது. காட்டை அழித்துக் குடியேற்றி, குடும்பத்துக்குச் சில ஏக்கர் தந்தார்கள். அந்தப் பட்டியலில் தோட்டத்துத் தமிழர் தேடித்தான் கிடைப்பார்கள். துரைமார் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, 1960இல் அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கினார். பால் வெட்டுகிறவனே தோட்ட முதலாளி ஆகலாம் என்பது எங்கள் பூகோளத்தில் இல்லாத ஐந்தாவது வரி.

இப்போது என் பேரனின் பாடம் வேறு. மின்னணுப் பொருள்தான் ஏற்றுமதியில் ஏறக்குறைய 40 விழுக்காடு. விவசாயம் மொத்த உற்பத்தியில் பத்தில் ஒரு பங்கைத் தொடுவதில்லை. ஈயச் சந்தை 1985இல் சரிந்ததோடு சரி. தோண்டிய குழிகள் ஏரிகளாகிவிட்டன, கரையில் நடைப்பயிற்சி செய்கிறோம். ரப்பரில் தாய்லாந்து முந்தியது, செம்பனையில் இந்தோனேசியா முந்தியது. கெடாவில் மூடா வாய்க்கால் வெட்டி இரண்டு போகம் விளைவித்தும், சாப்பிடும் அரிசியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. சுங்கை பூலோவில் ரப்பர் ஆராய்ச்சி நடந்த நிலத்தில் குவாசா டாமன்சாரா நகரம் எழுகிறது.

ரப்பர் கையுறை ஏற்றுமதியில் மட்டும் இன்னும் நாம்தான் முன்னணி. அதற்கு வேண்டிய பாலைத் தாய்லாந்திலிருந்து வாங்குகிறோம். நாம் வெட்டுகிற ரப்பரைவிட வாங்குகிற ரப்பர் அதிகம். என் பேரனுக்கு ரப்பர் என்றால் பென்சில் எழுத்தை அழிப்பது.

லயம் இருந்த இடத்தில் இன்று வேலி போட்ட வீடமைப்புப் பகுதி. வாசலில் நிற்கும் நேபாளிக் காவலாளி என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். அவர் மேல் குறையில்லை. கப்பலில் வராமல் விமானத்தில் வந்த அடுத்த தாத்தா அவர்.

1957இல் மலாயாவில் நூற்றுக்குப் பதினொரு பேர் இந்தியர். இன்று மலேசியாவில் ஏழுகூட இல்லை. புதிய பூகோளம் எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எந்தப் பொருளில் நாடு முதலிடம் என்று தாராளமாக எழுதுங்கள். பக்கத்திலேயே, அதை விளைவித்தவன் பேரில் எத்தனை ஏக்கர் இருந்தது என்றும் ஒரு வரி சேருங்கள். முதலிடம் ஒரு தலைமுறைக்குள் கைமாறிவிடும். எங்கள் வரியில் மூன்று தலைமுறையாக ஒரே எண்தான்: பூஜ்யம்.