மாடிக்கு மூட் இல்லை

என் வீட்டு மொட்டை மாடிக்கு மூட் இல்லையாம்.

சொன்னவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு, வெயில் இறங்கிக் கடல்காற்று புறப்பட்ட பிறகு, மாடி ஏறி வந்தார். கையிலிருந்த ஒரு கருவியால் சுவரில் சிவப்புப் புள்ளி அடித்து நீளம் அகலம் எல்லாம் குறித்துக்கொண்டார். பிறகு இடுப்பில் கை வைத்தபடி ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "ஸ்பேஸ் இருக்கு அங்கிள். ஆனா மூட் இல்ல" என்றார். ரிட்டயர் ஆனதிலிருந்து எனக்கே அது கிடையாது, மாடிக்கு மட்டும் எங்கிருந்து வரும் என்று கேட்க வாயெடுத்தேன். பக்கத்தில் நின்ற மனைவி பார்த்த பார்வையில் விழுங்கிவிட்டேன்.

அவரை அனுப்பிவைத்தவன் கனடாவில் இருக்கும் எங்கள் பையன். டிசம்பரில் குடும்பத்தோடு வருகிறான். சாயங்காலம் உட்கார ஒரு இடம் வேண்டுமாம். கல்யாணம் ஆகும்வரை இந்த வீட்டில் அவன் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை. அவ்வளவு இடத்தில் உட்கார்ந்திருக்கிறான். அதெல்லாம் இப்போது இடமாகத் தெரியவில்லை போலிருக்கிறது.

தம்பி தன் டேப்லெட்டைத் திறந்து படம் காட்டினார். மரப்பலகைத் தரை. ஓரமாகப் பச்சைப் புல். தலைக்கு மேல் கயிற்றில் கோத்த மஞ்சள் பல்புகள். பிரம்புக் கூடை ஊஞ்சல். கண்ணை மூடிய புத்தர் தலை ஒன்று, உடம்பு இல்லாமல். வெள்ளை வெளேரென்று திண்டுகள். எல்லாம் அழகாகத்தான் இருந்தன. அந்தப் படத்தில் ஒரு காக்கா இல்லை.

"சாண்டோரினி ஸ்டைலா, பாலி ஸ்டைலா அங்கிள்?"

"மடிப்பாக்கம்" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. இந்தத் தலைமுறைக்குக் கோபமே வருவதில்லை; குறித்துக்கொள்கிறார்கள்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் புரண்டபோதுதான், மொட்டை மாடியை எப்படித் திட்டமிட வேண்டும் என்று உருப்படியாக ஒரு கட்டுரை எழுதிவிடுவது என்று தீர்மானித்தேன். விஷயம் ரொம்பச் சுருக்கம். முதலில் நிழல். நிழல் எங்கே விழுகிறது என்று தெரிந்தால் நாற்காலியை எங்கே போடுவது என்று தெரிந்துவிடும். மிச்சமெல்லாம் தானாக வரும். அதைச் சொல்வதற்கு முன், அந்தத் தம்பி தரையைப் பற்றிச் சொன்ன ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

"ஃப்ளோர் ஒரு பக்கம் டில்ட் ஆயிருக்கு அங்கிள். லெவல் பண்ணிடலாம்."

"அது வாட்டம் தம்பி."

"வாட்டம்னா?"

1989-இல் இந்த வீட்டைக் கட்டியபோது மேஸ்திரி எங்களைப் பாடாய்ப் படுத்தியது இந்த வாட்டத்துக்காகத்தான். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தளத்தின் மேல் கொட்டி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்து, சித்தாள் பெண்கள் வரிசையாகக் குந்தி மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டிய தரை அது. அதன் மேல் தட்டோடு பதித்து, ஒரு வாளித் தண்ணீரை இந்த மூலையில் ஊற்றி, அது முழுசாக அந்த மூலைக் குழாய்க்குப் போய்ச் சேர்கிறதா என்று பார்த்த பிறகுதான் மேஸ்திரி பீடியைப் பற்றவைத்தார். 2003-இல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அரசு சட்டம் போட்டபோது, தெருவே குழாயைத் தேடி ஓடியது. எங்கள் வீட்டில் அந்த மூலைக் குழாயைக் கிணற்றுக்குத் திருப்பிவிட்டதோடு வேலை முடிந்தது. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை. ஆயிரம் சதுர அடி மாடியில் அது ஒரு லட்சத்து முப்பதாயிரம் லிட்டர். 2019-இல் லாரித் தண்ணீருக்கு ராத்திரி முழுக்கக் குடத்தோடு விழித்திருந்தவர்களிடம் இந்தக் கணக்கைச் சொன்னால் கண் கலங்குவார்கள். இதைத்தான் 'டில்ட்' என்கிறார். அந்தக் குழாய் வாயின் மேல்தான் படத்தில் புத்தர் உட்கார்ந்திருந்தார்.

அடுத்தது, கைப்பிடிச் சுவரை ஒட்டி ஓரடி உயரத்துக்குத் தொட்டி கட்டி, மண் நிரப்பிச் செடி வைக்கும் யோசனை. எதிர்வீட்டு ரிட்டயர்டு எஞ்சினியரைக் கூப்பிட்டேன். அவர் மாடிப்படி ஏறிய மூச்சு அடங்குவதற்குள் கணக்குப் போட்டுவிட்டார். ஆள் புழங்கும் மாடிக்கு மேல்பாரம் சதுர மீட்டருக்கு 150 கிலோ என்று வைத்துத்தான் தளம் போடுவார்களாம். சதுர அடிக்குச் சுமார் 14 கிலோ. ஓரடி உயரத்துக்கு ஈரமண் நிரப்பினால் சதுர அடிக்கு நாற்பத்தைந்து கிலோவுக்குக் குறையாது. தேங்காய் நார்க்கழிவைப் பையில் போட்டுக் கத்திரிக்காய் வளர்க்கிறார்களே, அது ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. தம்பி அதையும் குறித்துக்கொண்டார்.

பிறகு அவர் கண் கம்பிகள் மேல் விழுந்தது.

"அங்கிள், இந்த ராட்ஸ் எல்லாம் கட் பண்ணிடலாம்ல?"

உங்கள் வீட்டிலும் இருக்கும். இல்லையென்றால் உங்கள் அப்பா வீட்டில் இருக்கும். தூணுக்குத் தூண் நாலு கம்பி, மூன்றடி உயரத்துக்கு, வானத்தைப் பார்த்துக்கொண்டு. பையன் பெரியவனானதும் மேலே ஒரு மாடி கட்டிக்கொள்வான் என்று விட்டுவைத்தது. பையன் பெரியவனாகி, படித்து, விமானம் ஏறி, அங்கே வீடு வாங்கி, அந்த வீட்டுக்குக் கடனும் கட்டிக்கொண்டிருக்கிறான். கம்பி மட்டும் அவனுக்காக நின்றுகொண்டே இருக்கிறது. முதல் சில வருஷம் துரு ஏறாமல் இருக்கச் சிமெண்டுப் பால் அடித்தோம். பிறகு பழைய பிளாஸ்டிக் பாட்டில்களைக் கவிழ்த்துவைத்தோம். பிறகு விட்டுவிட்டோம். இன்றைய நிலையில் அதைக் கம்பி என்று சொல்வதே ஒரு மரியாதைதான். எதிர்வீட்டு எஞ்சினியர் ஒன்றை விரலால் தட்டிப் பார்த்தார். விரலோடு ஒரு பத்தை உதிர்ந்து வந்தது. "இதுமேல ஒரு மாடி என்ன சார், ஒரு சட்டிகூட வைக்க முடியாது" என்றார்.

அதற்காக வெட்டிவிட முடியுமா? துணிக்கொடி எதில் கட்டியிருக்கிறது? கம்பியில். தீபாவளி ராக்கெட்டுக்கு பாட்டில் உருண்டுவிடாமல் முட்டுக் கொடுப்பது எது? கம்பி. திருஷ்டிப் பொம்மை தொங்குவது எதில்? தெருவிலுள்ள அத்தனை வீட்டுக்கும் போகிற கேபிள் வயர் யாரைக் கேட்டு எதைச் சுற்றிக்கொண்டு போகிறது? இன்டர்நெட்காரர் வந்தார், சுற்றினார். அவருக்குப் போட்டிக் கம்பெனிக்காரர் வந்தார், அவரும் அதையே சுற்றினார். இப்போது வடகிழக்கு மூலைத் தூணின் கம்பியை அறுத்தால் இரண்டு தெருவுக்கு சீரியல் நின்றுவிடும். தென்மேற்குக் கம்பியில் இன்னும் பழைய ஆன்டெனாவின் குழாய் கட்டியிருக்கிறது. ரூபவாகினி தெரிகிறதா என்று நான் மேலே திருப்ப, கீழேயிருந்து மனைவி "வந்துச்சு, வந்துச்சு, போச்சு" என்று கத்திய குழாய் அது. அதை எந்த ஆக்கர் கடைக்குப் போடுவது?

கல்யாணத் தரகர்களுக்கும் அந்தக் கம்பி வேண்டியிருந்தது. பையனுக்குப் பெண் பார்த்த காலத்தில், பெண் வீட்டார் வந்து காபி குடித்துவிட்டு, "வீடு கொஞ்சம் சின்னதா இருக்கோ" என்று இழுப்பார்கள். தரகர் ஒன்றும் பேசாமல் அவர்களை மாடிக்கு அழைத்துப் போவார். கம்பியைக் காட்டுவார். திரும்பி வரும்போது அவர்கள் முகத்தில் ஒரு மாடிவீட்டின் களை இருக்கும். சம்பந்தம் பேசி முடிக்கும் கம்பியை வங்கிகூட ஜாமீனாக ஏற்றுக்கொள்ளலாம்.

துரு பிடித்த கம்பியில் கிழித்துக்கொண்டு டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளாதவர் எங்கள் குடும்பத்தில் யாருமில்லை. விருந்தாளிகளும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதனால் கம்பி மேல் யாருக்கும் வருத்தம் வந்ததில்லை. ஊர் எல்லையில் நிற்கும் முனீஸ்வரன் மாதிரிதான் அதுவும்: பயமும் உண்டு, பாத்தியதையும் உண்டு, நகர்த்தும் பேச்சு மட்டும் கிடையாது.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. என் ஆபீஸ் நண்பர் ஒருவர் கிரீஸ் நாட்டுக்குச் சுற்றுலா போய்வந்தவர். தம்பி போன பிறகு அவருக்குப் போன் போட்டு, சாண்டோரினி எப்படி இருக்கும் என்று கேட்டேன். நீலக் கூரை, வெள்ளைச் சுவர் எல்லாம் சொல்லிவிட்டு, "ஆனா ஏதென்ஸ் ஓரமா பஸ்ல போனா நம்ம மடிப்பாக்கம் மாதிரியே இருக்கும்ப்பா. வீட்டுக்கு வீடு மேல கம்பி நீட்டிக்கிட்டு நிக்குது" என்றார். அங்கேயும் பிள்ளைகளுக்கு மாடி கட்டத்தான் விட்டுவைக்கிறார்களாம். பெண்ணுக்குச் சீதனமாக ஒரு மாடி கட்டித் தருகிற வழக்கமும் உண்டாம். எகிப்திலும் மெக்ஸிகோவிலும் இதே கதை என்று பிறகு தெரிந்துகொண்டேன். உலகம் முழுக்க அப்பாக்கள் கம்பி விட்டுவைக்கிறார்கள்; பிள்ளைகள் வேறு ஊருக்குப் போகிறார்கள். ஆக, கிரேக்க பாணியில் மாடி வேண்டுமென்றால் என் மாடியில் பாதி வேலை முடிந்திருக்கிறது. இதைத் தம்பிக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்று பதிலாக வந்தது.

வெள்ளை பூசுவது பற்றியும் அவர் பேசினார். வெயில் உள்ளே இறங்காத பெயிண்டாம். டப்பாவின் விலையைக் கேட்டதும் எனக்கு வெயில் இறங்கியது. சுண்ணாம்பைக் குழைத்து மாடியில் அடித்தால் வீடு குளிரும் என்று என் பாட்டிக்குத் தெரியும். சாண்டோரினிக்காரர்களின் பாட்டிக்கும் தெரியும். அவர்கள் ஊரின் வெள்ளைக்கும் பழைய காலத்தில் சுண்ணாம்புதான். இடையில் நாம்தான் மறந்துவிட்டு, இப்போது ஆங்கிலப் பெயர் ஒட்டித் திருப்பி வாங்குகிறோம். மே மாதத்தில் பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் ராத்திரி பதினோரு மணிக்கு அதைப் படுக்கையறைக்குள் கக்குகிறது. ஃபேன் போட்டால் அந்த அனல் வேகமாக வருகிறது, அவ்வளவுதான்.

நிழலைப் பற்றி ஆரம்பித்தேன், வந்துவிடுகிறேன். அதற்கு நடுவில் அந்தப் பச்சைப் புல். என் மச்சினர் வீட்டு மாடியில் போன வருஷம் போட்டார்கள். பிளாஸ்டிக் புல். கோடை வெயிலில் அறுபது டிகிரியைத் தாண்டிச் சுடும் சமாச்சாரம். வாஸ்து பார்த்து, கலர் பார்த்து, ஊஞ்சல் மாட்டி, கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டதுபோல எங்களையெல்லாம் கூப்பிட்டார். போனோம். கொசு எங்களுக்கு முன்பே வந்திருந்தது. எல்லோரும் ஊஞ்சலில் வரிசையாக உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டு, கீழே ஏசி அறையில் போய்ச் சாப்பிட்டோம். மழைக்காலத்தில் புல்லுக்கடியில் தண்ணீர் தேங்கி, அவர் ஹால் மேற்கூரையில் இந்தியா மேப் மாதிரி ஒரு கறை இறங்கியிருக்கிறது. கேட்டால் "அது டிசைன்" என்கிறார். வெள்ளைத் திண்டுகளை ஒரு பாலித்தீன் பையில் கட்டித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போட்டிருக்கிறார். அவற்றுக்குப் பக்கத்தில் பழைய கமோடு, மிச்சமான டைல்ஸ், இறுகிப்போன அரை மூட்டை சிமெண்டு. புத்தர் தலையும் அங்கேதான். ஆயிரக்கணக்கில் செலவழித்தும், ஒரு வருஷத்தில் மாடி பழையபடி மாடியாகிவிட்டது. அதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது என்பதை மறைப்பானேன்.

என் மனைவி மட்டும் தெளிவாக இருக்கிறாள். "ஊஞ்சல் மாட்டுங்க, புத்தர் வைங்க, எதாவது பண்ணுங்க. மாசி பங்குனியில எனக்கு வடாம் பிழிய எட்டடிக்கு எட்டடி வெறும் தரை வேணும்" என்று தம்பியிடமே சொல்லிவிட்டாள். அவர் அந்த எட்டடியை 'மல்டிபர்ப்பஸ் ஸோன்' என்று வரைபடத்தில் எழுதிக்கொண்டு போயிருக்கிறார். அதற்குத் தனியாக ரேட் போட்டிருக்கிறார்.

எஸ்டிமேட் நேற்று வந்தது. 1989-இல் இந்த வீட்டின் தளம், சுவர், ஜன்னல் எல்லாம் சேர்த்துச் செலவான தொகையைவிடக் கூடுதல். கடைசி வரியில் 'கம்பி அகற்றுதல்' என்று தனித் தலைப்பு. பையன் போனில் "அப்பா, அது ரஸ்ட் ஆன ராட்தானே" என்றான். "ஒனக்கு விட்டதுடா" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. நெட்வொர்க் என்று நினைக்கிறேன்.

நிழல், நாற்காலி எல்லாம் இன்னொரு நாள் எழுதுகிறேன். மாடி அழகுபடுத்தும் தொழிலிலிருக்கும் தம்பி தங்கைகளுக்கு இப்போதைக்கு ஒரே ஒரு வேண்டுகோள். எங்கள் வீட்டுக்கு அளவெடுக்க வருவதாக இருந்தால் கத்திரி வெயிலில், மத்தியானம் இரண்டு மணிக்கு வாருங்கள். மாடிக்கு ஏறும் முன் செருப்பைக் கீழேயே கழற்றி வைத்துவிட வேண்டும்.