கீச்சிடும் துபாஷி

ராயபுரத்தில் எங்கள் தெருவுக்கு மொத்தம் ஒரே போன். அது எங்கள் வீட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்ததால் எங்களுடையது என்று நீங்கள் நினைத்தால், உங்களுக்கு வடசென்னை தெரியாது என்று அர்த்தம். தெருவில் அடித்த கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றிலும் அதன் எண், பக்கத்தில், இரவல் போன் என்பதற்கு அடையாளமான 'பி.பி.' என்ற இரண்டெழுத்தோடு அச்சாகியிருக்கும். பில் கட்டுவது எங்கள் நைனா, பேசுவது ஊர்.

1995 கடைசியில் ஒரு நாள் ராத்திரி அந்தப் போனுக்குள் பேய் புகுந்தது. முதலில் நீளமாக ஒரு விசில், பிறகு ஒரு கீச்சு, பிறகு தகரக் கொட்டகை மேல் ஆலங்கட்டி மழை பெய்கிற சத்தம். காசிமேட்டில் முப்பது வருஷம் மீன் விற்ற ஆயா பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள்.

"இன்னாடா அது? எவன் கய்த்த எவன் நெறிக்கிறான்?"

"மோடம் ஆயா."

"அவன் யாரு?"

நல்ல கேள்வி. மெட்ராஸ்காரர்களுக்கு ஒரே சொல்லில் பதில் சொல்லலாம்: துபாஷி. அந்தக் காலத்தில் கம்பெனி வெள்ளைக்காரனுக்குத் தமிழ் வராது, இங்கிருந்த வியாபாரிக்கு இங்கிலீஷ் வராது. நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசியவர் துபாஷி. கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது பூஜ்யமும் ஒன்றும் மட்டும்தான். டெலிபோன் கம்பிக்கோ மனுஷக் குரலைத் தவிர எதுவும் ஏறாது. அதிலும் 300 ஹெர்ட்ஸிலிருந்து 3400 வரை, அவ்வளவுதான். பூஜ்யத்தை ஒரு சுருதியிலும் ஒன்றை வேறொரு சுருதியிலும் பாடிக் காட்டிக் கம்பியை ஏமாற்றுகிற வித்வான்தான் மோடம். பழைய 'பெல் 103' முறையில், கூப்பிடும் மோடம் பூஜ்யத்தை 1070 ஹெர்ட்ஸில் பாடும், ஒன்றை 1270-இல் பாடும். நொடிக்கு 300 பிட், அதாவது சுமார் 30 எழுத்து. எங்கள் தெருக் குழாயடியில் ஒரு நொடிக்கு அதைவிட அதிகம் பேசுவார்கள்.

துபாஷி வேலையில் நஷ்டப்பட்டதாகச் சரித்திரமே கிடையாது. 1794-இல் இறந்த பச்சையப்ப முதலியார் விட்டுப்போன சொத்தில் பின்னாளில் கல்லூரியே எழும்பியது. மின்சார துபாஷி விஷயத்தில் ஒரு சின்ன மாற்றம்: அவர் பாடுவார், சம்பாத்தியம் டெலிபோன்காரருக்கு.

டெலிபோன்காரர்கள் எந்த ஊரிலும் ஒரே ஜாதி. அமெரிக்காவில் ஏ.டி.அண்ட்.டி. கம்பெனி, தன் கம்பியில் பிறத்தியான் சாமான் எதையும் மாட்டக்கூடாது என்று கட்டுக்காவல் போட்டிருந்தது. பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பேச்சு கேட்காமல் இருக்க ரிசீவர் வாயில் பொருத்துகிற ஒரு கிண்ணத்தைக்கூட விடவில்லை. அது கோர்ட்டு வரை போய் 1956-இல்தான் கிண்ணத்துக்கு ஜெயம் கிடைத்தது. 1968-இல் 'கார்ட்டர்போன்' தீர்ப்பு வந்து கதவு இன்னும் கொஞ்சம் திறந்தது. அதற்குள் ஜனங்கள் குறுக்கு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். கம்பியைத்தானே தொடக்கூடாது? ரிசீவரைக் குப்புறப் படுக்கவைத்து, அதன் காதிலும் வாயிலும் ரப்பர்க் குப்பி மாட்டி, ஒரு பெட்டியை அதோடு பேசவிட்டார்கள். பக்கத்தில் யாராவது தும்மினால் அதையும் கம்ப்யூட்டர் ஏதோ எழுத்தாகப் படித்துக்கொள்ளும்.

1976 மார்ச்சில் லீ ஃபெல்சென்ஸ்டைன் என்பவர், வீட்டிலேயே சால்டரிங் செய்து கட்டக்கூடிய இப்படியொரு மோடத்தைப் 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' பத்திரிகையில் போட்டார். அதற்குப் 'பென்னி விசில்' என்று பெயர். நம் கணக்கில் காலணா ஊதல். 1978-இல் சிகாகோவில் பனி கொட்டி வெளியே தலைகாட்ட முடியாதபோது, வார்ட் கிறிஸ்டென்சனும் ராண்டி சூஸும் மோடம் வழியாகச் சேதி ஒட்டும் முதல் அறிவிப்புப் பலகையைக் கட்டினார்கள். எங்கள் பக்கம் மழை பெய்து கொருக்குப்பேட்டையில் இடுப்பளவு தண்ணீர் நின்றால் படகு கட்டுவோமே தவிர, மோடம் கட்டும் யோசனை யாருக்கும் வந்ததில்லை.

நியாயமாகப் பார்த்தால் எங்களுக்குத்தான் முதலில் வந்திருக்க வேண்டும். மெட்ராஸின் முதல் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் 1882 ஜனவரி 28-இல் திறந்தது எர்ரபாலு செட்டி தெருவில். எங்கள் வீட்டிலிருந்து வெயில் இல்லாவிட்டால் நடந்தே போகலாம். அந்தத் தூரத்தைக் கடந்து எங்கள் வீட்டுக்குப் போன் வர நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. வடக்கின் ராசி அப்படி. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்து கிளம்பியது; கிளம்பியதுதான், நல்லதெல்லாம் அதிலேயே ஏறிப் போய்விட்டது. 1970-இல் எண்ணூரில் அனல்மின் நிலையம் வைத்தார்கள். கரி எங்களுக்கு, கரண்ட் ஊருக்கு. 1986-இல் எர்நெட் என்ற ஆராய்ச்சி வலைத் திட்டம் தொடங்கியபோது அதில் சேர்ந்தது தெற்கே கிண்டிப் பக்கத்து ஐ.ஐ.டி.

ஆனால் எங்களிடம் துறைமுகம் இருந்தது. துறைமுகத்துக்கு எதிரில் பர்மா பஜார் இருந்தது. பர்மாவிலிருந்து வந்தவர்களுக்காக 1969-இல் போட்ட கடைகள். எங்களைப் பொறுத்தவரை உலகத்தின் எல்லை அங்கேதான் தொடங்கும். ரசீது கேட்பது அங்கே மரியாதை இல்லை. எங்கள் தெருவில் ரேடியோ ரிப்பேர் செய்த அண்ணன் ஒருவர், ரிச்சி ஸ்ட்ரீட்டில் துண்டு துண்டாக வாங்கி ஒரு கம்ப்யூட்டரைச் சேர்த்திருந்தார். பஜாரில் அவருக்கு மோடம் ஒன்று மாட்டியது. அதற்கு மேல்பெட்டி கிடையாது. பிறந்தமேனியாக வெறும் போர்டு. அண்ணன் அதை ஒரு பிஸ்கட் டின்னில் குடிவைத்தார். வேகம் 2400.

அடுத்தது அதைக் கம்பியோடு சேர்ப்பது. வெளிநாட்டுப் பிளக்குக்கு எங்கள் சுவரில் ஓட்டை இல்லை. திருகு வைத்த வட்ட டப்பாதான். அண்ணன் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, பல்லால் ஒயரைச் சீவித் திருகில் சுற்றினார். போன் கம்பியில் சும்மா இருக்கும்போது 50 வோல்ட், கடித்தாலும் கண்டுகொள்ளாது. மணி அடிக்கும்போது 75 வோல்ட் ஏ.சி. ஏறும். சரியாக அந்த நேரம் பார்த்து, எதிர்வீட்டு மாமிக்குத் தாம்பரத்திலிருந்து சம்பந்தி கூப்பிட்டார். இந்தியாவில் ஒரு சம்பந்தியின் அழைப்பை நாக்கால் வாங்கிய முதல் ஆள் அண்ணனாகத்தான் இருக்கும்.

சட்டப்படி இது குற்றமா என்று அண்ணன் கவலைப்பட்டதில்லை. கவலைப்பட்டிருந்தால் பார்க்க வேண்டிய சட்டம் 1885-ஆம் வருஷத்துத் தந்திச் சட்டம். மாட்டுவண்டிக் காலத்தில் எழுதிய அந்தச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தொலைத்தொடர்புத் துறை 1994-இல் ஒரு காரியம் செய்தது. பொழுதுபோக்குக்காக வீட்டில் மோடம் வைத்து அறிவிப்புப் பலகை நடத்துகிறவர்கள் உட்பட எல்லோரும் வருஷத்துக்கு 15 லட்சம் ரூபாய் லைசென்ஸ் கட்டணம் தர வேண்டும் என்றது. பெங்களூரில் அதுல் சிட்னிஸ், பம்பாயில் சுசித் நந்தா போன்றவர்கள் சொந்தக் காசில் நடத்திய பலகைகள் அவை. வீட்டுத் திண்ணையில் நாலு பேர் உட்கார்ந்து பேசினால், திண்ணைக்கு ஓட்டல் வரி கேட்ட கதை.

பிறகு 1995 ஆகஸ்ட் 15. அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. சுதந்திர தினத்தில் தேசத்துக்குக் கிடைத்தது எங்கேஜ்டு டோன். கூப்பிடும் ஜனம் அதிகம், எடுக்கும் லைன் கம்மி, தலைவர் பி.கே. சிங்கலே பகிரங்கமாகத் தப்பை ஒத்துக்கொள்ள வேண்டி வந்தது. படத்தோடு பார்க்கும் கணக்குக்குப் பல ஆயிரம் ரூபாய். மாணவர்களுக்கு 500 ரூபாயில் ஒன்று கொடுத்தார்கள்: எழுத்து மட்டும் வரும், படம் வராது. படம் இருக்க வேண்டிய இடத்தில் 'இமேஜ்' என்று எழுதியிருக்கும். திருவொற்றியூர்க்காரர்களுக்கு இது புதுசல்ல. ஆதிபுரீஸ்வரர் வருஷம் பூரா கவசத்துக்குள் இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள்தான் கவசமில்லாத தரிசனம். உள்ளே இருக்கிறார் என்று நம்ப வேண்டியதுதான்.

காலேஜில் படித்ததால் கணக்கு என் பேரில். நடுவில் 'ஜியாஸ்எம்டி01' என்று வரும் விலாசம். 'எம்டி' என்றால் மெட்ராஸ். மோடத்துக்கு ஆணை கொடுக்கும் பாஷை அமெரிக்காவின் ஹேய்ஸ் கம்பெனி 1981-இல் வகுத்தது. 'ஏடி' என்று தொடங்க வேண்டும். 'அட்டென்ஷன்' என்பதன் சுருக்கம். எங்கள் வீட்டில் 'ஏடி' என்றால் அக்கா திரும்பிப் பார்ப்பாள். பழைய லைன் என்பதால் 'ஏடிடிபி' போட்டுப் பழைய பாணியில் டயல் செய்ய வேண்டும்: ஒன்பதுக்கு ஒன்பது தட்டு, பூஜ்யத்துக்குப் பத்து. எண் முடிவதற்குள் ஒரு டீ குடிக்கலாம்.

இணைப்பு கிடைத்தால் அடுத்த கண்டம் தெரு. துபாயிலிருந்து மகன் கூப்பிடுவான் என்று காத்திருந்த அம்மாக்கள், பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் பதில் சொல்வார்கள் என்று காத்திருந்த அப்பாக்கள், எல்லோருக்கும் எங்கேஜ்டு. ஒருவர் நேராக உள்ளே வந்து ரிசீவரை எடுத்து, "அலோ, யார்பா அது, வைய்யி!" என்றார். திரையில் 'நோ கேரியர்' என்று விழுந்தது. மறுநாள் வாசலில் பஞ்சாயத்து கூடியது. தீர்ப்பு: ராத்திரி பதினொன்றிலிருந்து விடிகாலை நாலு வரை மோடம், மீதி நேரம் மனுஷன். நாலு மணிக்குக் காசிமேட்டில் ஏலம் தொடங்கிவிடும், அப்போது போன் வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தது ஆயாதான்.

அப்படிக் கிடைத்த முதல் ராத்திரியில்தான் ஆயா எழுந்து உட்கார்ந்தது. "அது சண்டை இல்ல ஆயா," என்றேன். "ரெண்டு மிஷின் பேசி முடிக்குது. அவன் ஒரு வேகம் சொல்றான், இவன் முடியாதுன்றான். அவன் எறங்கி வரான். ரெண்டு பேருக்கும் ஒத்துவந்தா கத்தறத நிறுத்திடும்."

"அட, ஏலம்!" என்றாள் ஆயா. எந்த இன்ஜினியரும் இதைவிடச் சுருக்கமாகச் சொன்னதில்லை.

கீச்சு நின்றது. திரையில் எழுத்து வந்தது.

"படிஞ்சிச்சா?"

"படிஞ்சிடுச்சு."

"அவன் எதுல ஆரம்பிச்சான்?"

"ஒம்பதாயிரத்தி அறநூறு."

"நீ எவ்ளோக்கு முடிச்ச?"

"ரெண்டாயிரத்தி நானூறு ஆயா," என்றேன், தலையைக் குனிந்துகொண்டு.

ஆயா என் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் சொடுக்கிக்கொண்டாள். "ஒம்பதாயிரம் சொன்னவன ரெண்டாயிரத்துக்கு எறக்கிட்டியா! நீ பொயச்சுக்குவடா நைனா," என்று சொல்லிவிட்டுப் பாயில் திரும்பிப் படுத்தாள்.