அறுபது மெகாஹேர்ட்ஸ் ஆசை

இணுவில், தவில் மேதை தட்சிணாமூர்த்தி பிறந்த ஊர். இங்கே அம்பிளிபயர் செய்து பார்க்க வெளிக்கிடும் பொடியனுக்குச் சத்தத்துக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் அம்பிளிபயரைச் சோதிக்க அவனுக்குச் சிக்னல் ஜெனரேற்றர், அதாவது அலைகளைப் பிறப்பிக்கும் பெட்டி, வேணுமாம். அதுவும் 60 மெகாஹேர்ட்ஸ், இரண்டு சானல், கலர்த் திரை!

மனிதக் காது 20 கிலோஹேர்ட்ஸோடு கடையைச் சாத்திவிடும். மிச்சம் ஆருக்கு? வௌவாலுக்குக்கூட அவ்வளவு தேவையில்லை.

1939இல் தொடங்கிய ஹியூலெட்-பக்கார்ட் முதலில் விற்றதே ஒலி அலைகளைப் பிறப்பிக்கும் பெட்டியைத்தான். டிஸ்னி நிறுவனம் ‘ஃபன்டேசியா’ படத்துக்காக அதில் 8 வாங்கியது. மெகாஹேர்ட்ஸ் என்ற பேச்சே இல்லை.

எங்கட ஆக்களும் லேசுப்பட்டவர்களல்ல. 90களில் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டார்கள். டைனமோவும் ஒருவகைச் சிக்னல் ஜெனரேற்றர்தான்: மிதிக்க மிதிக்க அதிர்வெண் ஏறும். கூடவே வோல்ட்டும் ஏறித் தொலைக்கும் என்பதுதான் குறை.

ஒலி வேலைக்கு ஏடி9833 சில்லுள்ள சின்னப் பலகையே போதும். 25 மெகாஹேர்ட்ஸ் கடிகாரத்தில் 0.1 ஹேர்ட்ஸ் படிகளில் நகரும். வெளியீடு ஏறக்குறைய 0.6 வோல்ட்தான், அதைப் பெருக்கப் பின்னால் ஒரு ஒப்-அம்ப் போடவேணும். பெரிய பெட்டிதான் வேணுமென்று ஒற்றைக்காலில் நின்றால், ஒன்றை ஞாபகம் வையுங்கோ: 50 ஓம் வெளியீட்டில் 50 ஓம் சுமையை மாட்டினால் வோல்ட் பாதியாகும். பெட்டி பழுதென்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதேயுங்கோ.

வாங்கும்போது மெகாஹேர்ட்ஸை விடுங்கோ, தம்பி. சைன் அலை எவ்வளவு சுத்தம் என்று கேளுங்கோ.