அகப்பையைப் பிடி, பேராண்டி!

வாலே பேராண்டி, உக்காரு. கிறிஸ்துமசுக்கு நம்ம வீட்டு கேக்கைச் சுட்டு, போன்ல படம் புடிச்சு, "பரம்பரை பரம்பரையா வந்த எங்க வீட்டு ருசி"ன்னு ஊருக்குக் காட்டப்போறியாமே. உங்கம்மா சொன்னா. எனக்குப் புல்லரிச்சுப்போச்சு. நாசரேத்து, சாயர்புரம், மெஞ்ஞானபுரம்னு நம்ம சொந்தம் பூராவும் கேக்கைத் தின்ன ஆம்பளைகளைத்தான் பாத்திருக்கேன். சுடுதேன்னு வந்த மொத ஆளு நீதான். நல்லா இருப்பே. கெழவி நாலு புத்தி சொல்லுதேன், கேட்டுக்கோ.

பரம்பரைன்னா எத்தனை வருசம்னு சொல்லப்போறே? பெருசாவே சொல்லு, காசா பணமா. ஆனா சாமானை எடுத்து வைக்கையில மட்டும் போனை அந்தப் பக்கம் திருப்பிக்கோ. அண்டிப்பருப்பு பிரேசில்ல இருந்து போர்த்துக்கீசியன் கொண்டாந்தது. வெனிலா மெக்சிகோக்காரன் கொடி. கோதுமை நம்ம தேரிக்காட்டுல என்னைக்குலே மொளைச்சுது? பேக்கிங் பவுடரு இங்கிலாந்துல ஆல்பிரட் பேர்டுன்னு ஒருத்தன் 1843-ல கண்டுபுடிச்சது. அவன் பொண்டாட்டிக்கு ஈஸ்ட் ஒத்துக்கலயாம், அதான் ரொட்டியை மாத்துனான். நம்ம வீட்டுல பொண்டாட்டியைத்தான் மாறச் சொல்லுவாவ.

உள்ளூர்ச் சரக்கே இல்லையான்னு மனசு ஒடையாதே. செவப்பும் பச்சையுமா டூட்டி ஃப்ரூட்டின்னு வாங்குதியே, அது பப்பாளிக்காயைச் சீனிப்பாகுல ஊறப்போட்டது. உச்சியில வைக்கிற செர்ரி பல கடையில களாக்காய்தான். முள்ளுச்செடியில கெடந்தது, சாயத்தைப் பூசி, பேரை மாத்தி, கேக்கு மேல ஏறி உக்காந்துட்டு. நம்ம ஊருலயும் அப்படி நாலு பேரு இருக்காவ. பண்டிகை நேரத்துல எதுக்குப் பேரு!

இதுல கூச்சப்பட ஒண்ணுமில்ல. தலச்சேரியில மம்பள்ளி பாபுன்னு ஒரு ரொட்டிக்கடைக்காரர். 1883-ல ஒரு வெள்ளைக்காரத் தொரை சீமை கேக்கைக் காட்டி, இதே மாதிரி சுடுன்னாராம். இவரு கதலிப்பழம், முந்திரிப்பழச் சாராயம்னு கைக்குச் சிக்குனதைப் போட்டுச் சுட்டுக் குடுத்துட்டாரு. தொரைக்கே புடிச்சுப்போச்சு.

சாராயம்னதும் கண்ணு மின்னுதே! "எங்க பூட்டி காலத்துல இருந்தே ரம்முல பழத்தை ஊறவைப்போம்"னு மட்டும் பேசிராதே. மதராஸ் மாகாணம் முழுக்க 1948-ல மதுவிலக்கு வந்துது. அதைத் தள்ளிவச்சது 1971-லதான். அத்தனை வருசம் உன் பூட்டி ரம்முல ஊறவச்சான்னா, ஒண்ணு நீ பொய் சொல்லணும், இல்லன்னா அவ போலீசுக்குத் தெரியாம வாங்கியிருக்கணும். ரெண்டும் குடும்பத்துக்கு அழகில்ல. அவ ஊறவச்சது திராட்சைச் சாறுல. இப்ப நீ அரசாங்கக் கடையில போய் வாங்குனாலும் பழத்துக்குத்தான் ஊத்தணும். போன வருசம் உங்க சித்தப்பன் ஊறப்போட்ட பழம் காஞ்சு கெடந்துது, அவன்தான் ஊறியிருந்தான்.

அளவு கேட்டியே, அதைச் சொல்லுதேன். எங்க மாமியாளுக்குக் கிராமும் தெரியாது, கப்பும் தெரியாது. தராசுல ஒரு தட்டுல முட்டையை வைப்பாவ. மறுதட்டுல அதே எடைக்கு மாவு, பொறவு அதே எடைக்கு வெண்ணெய், அதே எடைக்குச் சீனி. முட்டை சிறுசோ பெருசோ, கணக்குத் தப்பாது. நாலும் ஒவ்வொரு பவுண்டுங்கிறது வெள்ளைக்காரன் கணக்கு, நம்ம கணக்குல அரைக்கிலோவுக்குக் கொஞ்சம் கொறைச்சல். நெறத்துக்குச் சீனியைக் கருக்கணும். புகை கெளம்புதப்ப வெந்நியை ஊத்திட்டு எட்டி நில்லு. பச்சைத்தண்ணியை ஊத்துனேன்னா மூஞ்சிக்குத் தெறிக்கும்.

பொறவுதான் வேலையே இருக்கு. வெண்ணெயையும் சீனியையும் வெளுக்கிற வரைக்கும் அகப்பையால அடிக்கணும். தோள்பட்டை விட்டுப்போகும். "ஒரே பக்கமா சுத்து, மாத்திச் சுத்துனா கேக்கு பொங்காது"ன்னு எங்க மாமியா பயமுறுத்துவாவ. நானும் நம்பி வருசக்கணக்காச் சுத்துனேன். எந்தப் பக்கம் சுத்துனாலும் உள்ள காத்து ஏறுனாப் போதும்லே! கை மாத்துத சாக்குல மருமவ எந்திரிச்சுப் போயிரக் கூடாதுல்ல, அதுக்குச் சொன்னது. அந்தப் பொய்யையும் பரம்பரையா நான் உங்கம்மாவுக்குச் சொன்னேன், வேற விசயம். ஆனா மாவைப் போட்ட பொறவு மட்டும் அடிக்காதே, பைய கலக்கு. அடிச்சேன்னா கேக்கு ரப்பராட்டம் இழுக்கும். பழத்தையும் மாவுல பொரட்டிப் போடு, இல்லன்னா அம்புட்டும் அடியில போய்ப் படுத்துக்கும்.

உனக்கு ஓவன் இருக்கு, திருகுனாச் சூடு. எங்களுக்குச் சட்டியில ஆத்து மணலைப் பரத்தி, அது மேல தகரத்தை வச்சு, மூடி மேல சிரட்டைக் கங்கு. மேலயும் தீ, கீழயும் தீ, நடுவுல கேக்கு. புகுந்த வீட்டுல நாங்களும் அப்படித்தான் வெந்தோம். கொஞ்சம் வசதி வந்ததும் ரொட்டிக்கடைக்கு மாவைக் குடுத்துவிட்டோம். ரொட்டியை எடுத்த பொறவு அடுப்பு தணியுதப்ப கேக்கை உள்ள தள்ளுவாவ. தகரத்துல பேரெழுதி ஒட்டுவோம். துண்டுச்சீட்டு கருகிப்போச்சுன்னா, நம்ம வெண்ணெய் கேக்கு அடுத்த வீட்டுக்குப் போயிரும், அவிய டால்டா கேக்கு நமக்கு வரும். அந்த ஒரு கேக்குக்காகப் பேச்சுவார்த்தை நின்னுபோன குடும்பம்லாம் இருக்கு.

உன் அத்தைமார் கிட்டயும் கேக்கப்போறியோ? கேளு. ஆளுக்கொரு செய்முறை சொல்லுவாளுவ, ஒவ்வொருத்தியும் ஒரு சாமானை முழுங்கிருவா. மூத்தவ ஜாதிக்காயை, எளையவ ஆரஞ்சுத் தோலை. எல்லாத்தையும் சேத்து எழுதுனாத்தான் முழுசா வரும். நான் முழுங்குனது என்னன்னு கேக்காதே. நீ அடிக்கிற லெட்சணத்தைப் பாத்துட்டுச் சொல்லுதேன்.

சுட்டதும் சுடச்சுட அறுத்துராதே, உதுந்துபோகும். ஈர்க்குச்சியைக் குத்திப் பாத்து, மாவு ஒட்டலைன்னா எறக்கி ஆறவிடு. மொதத் துண்டு பக்கத்து வீட்டுக்கு. தீவாளிக்கு முறுக்கு தந்தவிய, நோம்புக்குக் கஞ்சி தந்தவிய எல்லாருக்கும் கணக்கு இருக்கு. அவிய தட்டு ரெண்டு நம்ம வீட்டுலதான் கெடக்கு, வெறுந்தட்டா குடுத்துராதே.

முட்டையை இப்பமே வாங்கிப்போடு, பண்டிகை நெருங்குச்சுன்னா வெலை ஏறிரும். சுட்டு முடிச்சதும் பாத்திரத்தையும் நீயே கழுவு. வெண்ணெய்ப் பிசுக்கு வெந்நி இல்லாமப் போகாது.