கைப்பேசிகளுக்கும் ஓர் ஆசனம்

சென்னை மாநகரின் சங்கீத சபையொன்றின் மகா கனம் பொருந்திய காரியதரிசி அவர்கள் சமூகத்துக்கு, அச்சபையின் நெடுநாளைய சந்தாதாரன் வணக்கத்துடன் செய்துகொள்ளும் விண்ணப்பம்.

ஐயா,

1927ஆம் வருஷம் டிசம்பரில் இந்நகரில் கூடிய காங்கிரஸ் மகாசபையை ஒட்டி நடந்த சங்கீத மகாநாட்டிலிருந்து முளைத்த ஒரு வழக்கம், இன்று மார்கழி பிறந்தால் காலை முதல் இரவு வரை ஏதேனும் ஓர் அரங்கில் தம்பூரா ஒலித்துக்கொண்டே இருக்கும்படி எத்தனையோ சபைகளாகக் கிளைத்துவிட்டது என்பது தாங்கள் அறியாததல்ல. அத்தனை சபைகளிலும் காலத்தின் போக்கை முன்னதாக உணர்ந்தது தங்கள் சபையே என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். சங்கீதத்தைக் கேட்பதற்கு மனிதர்கள் அவசியமில்லை என்னும் பேருண்மையை, எவ்வித ஆரவாரமுமின்றி, தங்கள் நாற்காலி வரிசைகளிலேயே தாங்கள் நிரூபித்து வருகிறீர்கள்.

சென்ற வாரம் பாடிய விதுஷி அவர்கள் பைரவியை எடுத்துக்கொண்டு, ஏறும்போது சதுச்ருதி தைவதத்தையும் இறங்கும்போது சுத்த தைவதத்தையும் அதனதன் இடத்தில் நிறுத்தி, அவசரமே இல்லாமல் மத்திய ஸ்தாயியில் உலவி, தார ஷட்ஜத்தை எட்டப்போகும் தறுவாயில், முன் வரிசைகளில் கைப்பேசிகள் ஒன்றன்பின் ஒன்றாக உயர்ந்தன. எனக்கு முன்னே அமர்ந்திருந்த கனவானின் திரையில் விதுஷி கட்டைவிரல் அளவில் காட்சியளித்தார். அவருக்கு அடுத்த அம்மையாரின் திரையில் சற்றுப் பெரிதாகவும், பக்கவாட்டு இளைஞரின் திரையில் வயலின்காரரின் முழங்கையோடு சேர்த்தும் காட்சியளித்தார். ஒரே சமயத்தில் பல ரூபங்களில் தரிசனம் தருவது தெய்வங்களுக்கே உரியது என்று அதுவரை எண்ணியிருந்தேன்; தங்கள் சபையில் அது ஒரே டிக்கெட்டில் சித்திக்கிறது. மூல ரூபம் மட்டும் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை.

இத்துணை சௌகரியத்தில் ஒரு சங்கடமும் இருக்கிறது. பகவான் மனிதனுக்கு இரண்டே கைகளைத்தான் அருளினான். வலக்கை கைப்பேசிக்குப் போய்விட்டபடியால் துடையில் ஆதி தாளம் போடுவதற்குக் கை இல்லை. இடக்கை மட்டும் எஞ்சியிருப்பதால் கரகோஷம் செய்வதற்கும் வழியில்லை. படம் அசைந்துவிடும் என்ற பயத்தால் தலையையும் ஆட்டக்கூடாது. ‘பலே’ என்றால் அந்தக் குரலும் பதிவாகிவிடும் என்பதால் வாயையும் திறக்கக்கூடாது. சிரக்கம்பமும் தாளமும் சபாஷும் இல்லாத ரசிகர் கூட்டத்தைப் பார்த்து விதுஷிக்கு என்ன தோன்றியதோ, நிரவலுக்கு வாகான இடம் வந்தும் அதைத் தொடாமல் கிருதியை முடித்துவிட்டு அடுத்த உருப்படிக்குப் போய்விட்டார்.

ஆகவே, இக்குறைகளை நிவர்த்திக்கச் சில யோசனைகளைச் சமூகத்தில் சமர்ப்பிக்கிறேன். முதலாவது, முன் வரிசைகளில் நாற்காலிகளை அப்புறப்படுத்திவிட்டு, கைப்பேசிகளை நிறுத்திவைக்கத் தாங்கிகள் அமைத்துக் கொடுக்க வேண்டும். உடையவர்கள் அவற்றை அங்கே அமர்த்திவிட்டு, தனி ஆவர்த்தனம் வரையில் காத்திராமல் ஆரம்ப வர்ணத்தின்போதே காண்டீனுக்குச் சென்று, அடை அவியலையும் டிகிரி காபியையும் நிம்மதியாக அநுபவிக்கலாம். இரண்டாவது, கைகள் ஒழியாத சந்தாதாரர்களின் சார்பாகக் கைதட்டுவதற்குச் சபைச் செலவில் இருவரை நியமிக்க வேண்டும். மூன்றாவது, வித்துவான்களுக்கு வருஷந்தோறும் விருது வழங்குவதைப்போல, ஒரு கச்சேரியை முதல் நிமிஷம் முதல் மங்களம் வரை பதிவுசெய்து, அதில் ஒரு நிமிஷத்தைக்கூடப் பிற்பாடு திரும்பிப் பாராத உத்தமருக்கு ‘ஒளிப்பதிவுச் சிரோமணி’ என்ற பட்டத்தை அளிக்க வேண்டும். போட்டி கடுமையாக இருக்கும்.

இப்பதிவுகளின் பிற்கால வாழ்க்கையையும் நான் கவனித்திருக்கிறேன். பத்து நிமிஷ ஆலாபனை குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குள் போய் விழுந்த மறுகணமே, அயல்நாட்டிலிருக்கும் மைத்துனர் கூப்பிய கைகளின் படத்தைப் பதிலாக அனுப்பிவிடுகிறார். பத்து நிமிஷத்தை மூன்று விநாடியில் கேட்டு முடிக்கும் அந்தச் சக்தி தான்சேனின் சபையிலும் இருந்திராது. 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம், பிற்காலத் திருத்தங்களின்படி, மேடையில் பாடுகிறவருக்குத் தம் நிகழ்ச்சியின்மேல் 50 ஆண்டு உரிமையைத் தந்து, பதிவு செய்கிறவரின் சொந்த உபயோகத்துக்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. ஆனால் நம்மவர்களின் சொந்தம் பெரியது. சம்பந்திகளும் அவர்களுடைய சம்பந்திகளும் அதில் அடக்கம்.

பதிவு செய்வதே பாபம் என்று நான் சொல்வதாகத் தாங்கள் கருதிவிடக்கூடாது. 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் குழாயின்முன் பாடி, ஒரு ராகத்தை மூன்று நிமிஷத்துக்குள் அடக்கிக் கொடுத்திராவிட்டால், அக்குரல் எப்படியிருந்தது என்று இன்று யாருக்குத் தெரியும்? ராஜரத்தினம் பிள்ளையின் தோடி, அவர் கச்சேரிக்குப் போகக் கொடுத்துவைக்காதவர்களின் வீடுகளிலும் இசைத்தட்டிலிருந்து ஒலித்தது. மதுரை மணி ஐயரின் கச்சேரிகளை இன்றும் நாம் கேட்கிறோம் என்றால், கனத்த ஸ்பூல் கருவியை மேடை ஓரம்வரை சுமந்துசென்ற ரசிகர்களின் புண்ணியமும் அதில் சேர்ந்திருக்கிறது. ஆனால் அந்த ரசிகர் கருவியை முடுக்கிவிட்டுத் தம் இடத்தில் வந்து உட்கார்ந்தார். நாடா தன் பாட்டுக்குச் சுழன்றது. அவர் தம் பாட்டுக்குக் கேட்டார். கருவி அவருடைய வேலையைப் பார்க்கவில்லை, அவரும் கருவியின் வேலையைப் பார்க்கவில்லை. ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாளின் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் கூடியவர்கள், அந்த மெல்லிய நாதம் தப்பிவிடாதபடி அசையாமல் இருந்தார்கள் என்பர். தங்கள் சபையிலும் ஒருவரும் அசைவதில்லை, படம் ஆடிவிடுமே என்று.

அமெரிக்காவில் ஃபேர்ஃபீல்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த லிண்டா ஹெங்கெல் என்னும் மனோதத்துவப் பேராசிரியை, பொருட்காட்சிசாலையில் மாணவர்களைச் சிலவற்றை வெறுமனே பார்க்கவும் சிலவற்றைப் படமெடுக்கவும் செய்து, முழுதாகப் படமெடுத்தவற்றை அவர்கள் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள் என்று 2014இல் பிரசுரித்தார். இதற்காக அவ்வளவு பிரயாசை எடுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நம் வாசலுக்கு வந்து, வெளியேறும் கனவான்களை ‘இன்று பிரதான ராகம் எது?’ என்று கேட்டிருந்தால் போதும்; பதில் சொல்லுமுன் எல்லோரும் சட்டைப்பையைத் தடவியிருப்பார்கள்.

நினைவு அவரவர் சொத்து. அதை இழக்க அவரவருக்குப் பாத்தியதை உண்டு. ஆனால் கச்சேரி அப்படியன்று. எழுதிவைத்ததை வாசித்துக் காட்டும் வித்தையாக இராமல், அந்த நேரத்தில் அந்த இடத்தில் மனோதர்மமாகப் பிறக்கிற கலை ஆகையால், பாடுகிறவர் ஒரு பிடியைப் பிடித்துவிட்டு எதிரே பார்க்கிறார். எதிரே ஒரு முகம் மலர்ந்தால் அதற்கு அடுத்த பிடி பிறக்கிறது. கேட்பவன் கொடுப்பதும் சேர்ந்ததே கச்சேரி. 2020இல் கொள்ளைநோயின் காரணமாக வித்துவான்கள் வெறும் நாற்காலிகளின்முன் காமிராக்களைப் பார்த்துப் பாட நேர்ந்தபோது, ரசிகர் முகம் காணாமல் பாடுவது எவ்வளவு கஷ்டம் என்று அவர்களும் வருந்தினார்கள், நாமும் வருந்தினோம். பிறகு கதவுகள் திறந்தன. ரசிகர்கள் திரும்பி வந்தார்கள், வரும்போதே ஆளுக்கொரு காமிராவையும் கொண்டுவந்தார்கள். வித்துவான் இன்றும் காமிராவைப் பார்த்தே பாடுகிறார். நாற்காலிகள் மட்டும் டிக்கெட் வாங்கியிருக்கின்றன.

எனது மெய்யான கோரிக்கை சிறியது. சபையின் சார்பில் ஒரு நல்ல காமிராவைப் பக்கவாட்டில் நிறுத்தி, பாடுகிறவரின் சம்மதத்தோடு கச்சேரியைப் பதிவுசெய்து, டிக்கெட் வாங்கியவர்களுக்கு மறுநாள் கேட்கக் கொடுத்துவிட்டால், நானூறு கைகளுக்கு அன்று மாலை விடுதலை கிடைக்கும். அதற்கு நிதி வசதி இல்லையெனில், செலவே இல்லாத இன்னொரு வழியும் உண்டு. கச்சேரி தொடங்குமுன் மேடையேறி, ‘ஒலிப்பதிவும் ஒளிப்பதிவும் கண்டிப்பாகத் தடைசெய்யப்பட்டுள்ளன’ என்று தினந்தோறும் கணீரென்று அறிவிக்கும் பெரியவர், மேடையிலிருந்து இறங்கியதும் முதல் வரிசையின் நடு ஆசனத்தில் அமர்ந்து, சபையின் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்காகத் தம் கைப்பேசியை உயர்த்துகிறார். அந்த ஒரு கையைச் சற்றே தாழ்த்தி வைத்தால், பின்னால் உள்ள கைகளிடம் பேசுவதற்கு எனக்குத் தைரியம் வரும். அப்பெரியவர் தாங்களே ஆகையால், இதற்குக் காரியக் கமிட்டியின் தீர்மானம்கூடத் தேவைப்படாது.

இப்படிக்கு,
இரு கைகளும் ஒழிந்திருக்கும் ஒரு சந்தாதாரன்