விளக்கில்லாத விளக்குக் கம்பம்

லண்டனின் பழைய குடியிருப்புத் தெருக்களில் பச்சையோ சாம்பலோ பூசிய வார்ப்பிரும்புக் கம்பம் ஒன்று, கூரைகளுக்கும் மேலே தலைநீட்டி நிற்கும். விளக்கு இருக்காது, ஒயர் இருக்காது, போர்டும் கிடையாது. நாய்கள் தவிர யாருக்கும் உபயோகமில்லை என்றுதான் தோன்றும். உள்ளே வெறும் குழாய். நம்மூர் செப்டிக் டேங்க் மேல் கொசுவலைத் துணி கட்டி நிற்கிறதே ஒரு பைப், அதற்குக் கோட்டும் தொப்பியும் போட்டுவிட்ட பெரியண்ணன்.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் லண்டன்காரர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவும் கக்கூஸ் மேல் காதல் வந்தது. வீட்டைவிட்டுப் போனால் சரி. எங்கே போகிறது என்று யார் கேட்டார்கள்? தேம்ஸுக்குத்தான் போனது. 1855-ல் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே படகிலிருந்து வெள்ளை அட்டைத் துண்டுகளை ஆற்றில் போட்டுப் பார்த்தார். ஓர் அங்குலம் முங்குவதற்குள் காணோம். பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். கடிதத்துக்கெல்லாம் அசைகிற அரசாங்கம் எந்த ஊரில் இருக்கிறது?

1858 ஜூன் வெயில் அசைத்தது. ஆறு நாறியது. நாடாளுமன்றமோ ஆற்றங்கரையிலேயே. திரைச்சீலைகளை பிளீச்சிங் பவுடர் கரைசலில் முக்கித் தொங்கவிட்டார்கள். நாற்றம் திரையை மதிக்கவில்லை. நிதியமைச்சர் டிஸ்ரேலி ஒரு கையில் காகிதக் கட்டும் மறுகையில் மூக்கைப் பொத்திய கைக்குட்டையுமாக வெளியே ஓடினார். வருஷக்கணக்கில் இழுபட்ட சாக்கடை விவகாரத்துக்கு 18 நாளில் மசோதா நிறைவேறியது. ஆகஸ்ட் 2-ல் சட்டமே வந்துவிட்டது. ஏழையின் வயிறு கெட்டபோது வராத வேகம், அமைச்சரின் மூக்கு கெட்டதும் வந்தது.

வேடிக்கை என்னவென்றால், நாற்றம்தான் காலராவைப் பரப்புகிறது என்று அப்போது பெரிய பெரிய டாக்டர்களே நம்பினார்கள். 'இல்லை, தண்ணீர்தான்' என்று 1854-லேயே பிராட் தெரு அடிபம்பைக் காட்டிச் சொன்னவர் ஜான் ஸ்நோ. அவர் 1858 ஜூன் 16 அன்று, ஊரே மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்த வேளையில், போய்ச் சேர்ந்தார்.

பொறியாளர் ஜோசப் பசல்ஜெட் சுமார் 132 கிலோமீட்டருக்குச் செங்கல்லால் பெருஞ்சாக்கடை கட்டினார். சரக்கெல்லாம் நகரத்துக்குக் கிழக்கே போய், ஓதம் இறங்கும் நேரத்தில் அதே தேம்ஸில் விழுந்தது. எங்கள் மூக்குக்கு எதிரே வேண்டாம், கொஞ்சம் தள்ளிப் போ, அவ்வளவுதான் கொள்கை! ஆனாலும் காலரா ஓடிப்போனது. 1866-ல் அது கடைசியாக ஆடித் தீர்த்தது, சாக்கடை வேலை முடியாத கிழக்கு லண்டனில். நினைத்த காரணம் தப்பு, நடந்த காரியம் சரி.

நாற்றத்தைப் பூமிக்கடியில் பூட்டினால் அது சும்மா இருக்குமா? வாயு சேர்ந்தால் வெடிக்கவும் செய்யும். தெருவோரக் கம்பி மூடி வழியே விட்டால் போகிறவர் வருகிறவர் திட்டுவார்கள். அதனால்தான் அந்த உயரமான குழாய்கள். வாயுவை எல்லார் தலைக்கும் மேலே கொண்டுபோய் விட்டுவிட்டு, விளக்குக் கம்பம் போலப் பாவனை.

சவாய் ஹோட்டலை ஒட்டிய கார்ட்டிங் லேனில் நிஜமாகவே விளக்கோடு ஒன்று நிற்கிறது. பணக்கார விருந்தாளிகள் தின்றுவிட்டுப் போனதில்தான் எரிகிறது என்று ஊர் முழுக்கக் கதை. எரிவது சாதாரணக் குழாய் எரிவாயுதான். அந்தச் சூடு சாக்கடை வாயுவை மேலே இழுத்துக் கூடவே பொசுக்கிவிடுகிறது. சவாய்க்காரர்களின் பங்கு வெறும் கொசுறு.