நாலரை கிகாஹெர்ட்ஸ் கொழுந்தனார்

ஓவர்க்ளாக் செய்கிற தம்பியிடம் “சாப்பிட்டாச்சா?” என்று கேட்டால் “எழுபத்தெட்டு” என்பார். டிகிரி. சிப்பின் சூடு. இட்லிக் கணக்கு இல்லை.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் தெருவுக்கு ஒருவர் இப்படி உண்டு. பகலில் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஏதோ ஒரு கம்பெனியில் வேலை. இரவில் மாடியறையில், பக்கத் தகடு கழற்றிய சிபியூ முன்னால் சம்மணம். நான் என் கொழுந்தனாரைச் சொல்லவில்லை, பொதுவாகத்தான் சொல்கிறேன்.

அவரிடம் இருப்பது ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹாண்டாக வாங்கிய ஐ5-4670கே. 2013-இல் வந்த சரக்கு. கம்பெனி அதற்கு வைத்த வேகம் 3.4 கிகாஹெர்ட்ஸ். அவருக்கு வேண்டியது 4.5. வால் எழுத்து ‘கே’ என்றால் பூட்டு கிடையாது, பயாஸுக்குள் போய் நாமே ஏற்றிக்கொள்ளலாம். ஏற்றினால் சிப் கணக்கில் பிசகும். பிசகாமல் இருக்க வோல்ட் கூட்ட வேண்டும். கூட்டினால் கொதிக்கும். சூடு வேகத்தோடு நேராக ஏறுகிறது, வோல்ட்டோடு வர்க்கமாக ஏறுகிறது. 1.1 வோல்ட்டை 1.3 ஆக்கி, 3.4-ஐ 4.5 ஆக்கினால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடும்; சூடு முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். சாம்பார் கொதிக்கும்போது பக்கத்தில் வந்து நின்று சொல்லிக்கொண்டே இருந்தால் யாருக்கும் தெரிந்துவிடும்.

எவ்வளவு பெரிய கூலர் மாட்டினாலும், காற்றை ஊதிக் குளிரவைக்கிற எதுவும் அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக்க முடியாது. இவர் பார்க்கிற வீடியோவில் வெள்ளைக்காரர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, 20 டிகிரி அறையில் உட்கார்ந்திருக்கிறார். நம் மொட்டைமாடிக்குக் கீழ் அறையோ கத்திரி வெயிலில் 38. அந்தப் பதினெட்டு டிகிரியும் அப்படியே சிப் தலையில் ஏறும். அதனால் என் மாமனாரின் டேபிள் ஃபேன் சிபியூவுக்குப் போய்விட்டது. மாமா மாடியில் துண்டை நனைத்துப் போட்டுக்கொண்டு படுக்கிறார்.

தெர்மல் பேஸ்ட் எவ்வளவு வைப்பது என்ற விவகாரத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். அரிசி அளவு என்று ஒரு கட்சி, பட்டாணி அளவு என்று இன்னொரு கட்சி. “பொன்னியா, இட்லி அரிசியா?” என்று கேட்டேன். அன்றோடு அந்தப் பேச்சை என்னிடம் எடுப்பதில்லை.

விஷயம் டெஸ்ட்டில் இருக்கிறது. 4.5 வந்துவிட்டது என்று அவர் சொன்னால் போதாதாம், அது ‘ஸ்டேபிள்’ என்று நிரூபிக்க வேண்டுமாம். அதற்கு பிரைம்95 என்று ஒரு புரோகிராம். 1996-இல் ஜார்ஜ் வோல்ட்மன் என்ற அமெரிக்கர், ஊர் உலகத்துக் கம்ப்யூட்டர்களையெல்லாம் சேர்த்துப் பெரிய பெரிய பகா எண்களைத் தேடலாம் என்று ஆரம்பித்த வேலைக்கு எழுதியது. நல்ல காரியம். நம்மவர் அந்தத் தேடலில் சேரவில்லை. அதிலேயே ‘டார்ச்சர் டெஸ்ட்’ என்று ஒன்று உண்டு; அதை மட்டும் ஓட்டுகிறார். விடை முன்கூட்டியே தெரிந்த கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டு, சரியாக வருகிறதா என்று பார்ப்பது. ராத்திரி முழுக்க, முழு வேகத்தில், இரண்டு மாத பில்லை 500 யூனிட் பக்கம் தள்ளிக்கொண்டு, தெரிந்த விடையைத் தெரிந்துகொள்கிறார்.

அந்த ராத்திரியில் வீட்டுக்கு 144 தடை. “அண்ணி, கிரைண்டர் போடாதீங்க, வோல்டேஜ் இறங்கும்.” “அண்ணி, மோட்டார் இப்ப வேணாம், காலையில போட்டுக்கலாம்.” காலையில் போட்டால் “இன்னும் ஆறு மணி நேரம் இருக்கு அண்ணி”. மேல் தொட்டியில் தண்ணீர் தீர்ந்து, பல் தேய்த்த வாயோடு என் வீட்டுக்காரர் குழாயடியில் நிற்பார். தம்பியை ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். “பாவம், டெஸ்ட் ஓடுதாம்” என்பார். அயர்ன் பாக்ஸ் கூடாது, மிக்சி கூடாது. ஒருநாள் பக்கத்து வீட்டில் வெல்டிங் வேலை நடந்தது. தம்பி சுவர் ஏறிக் குதித்துப் போய், எத்தனை மணிக்கு முடிப்பீர்கள் என்று கேட்டுவிட்டு வந்தார்.

அப்படியும் விடியற்காலையில் டெஸ்ட் விழுந்துவிடும். 0.4-க்குள் இருக்க வேண்டிய பிசகு 0.5 ஆகிவிட்டதாம். யார் காரணம்? அவர் வைத்த வோல்ட் என்று மட்டும் வாயில் வராது. ஈபி காரணம். ட்ரான்ஸ்ஃபார்மர் காரணம். எஸ்டேட் லாரி கிளப்பும் புழுதி காரணம். மூன்றரை மணிக்கு நான் எழுந்து பாத்ரூம் லைட் போட்டது காரணம். எல்.ஈ.டி. பல்ப், ஐயா! ஒன்பது வாட்!

டெஸ்ட் விழுந்தால்கூடப் பரவாயில்லை. பாஸ் ஆனால்தான் கஷ்டம். பாஸ் ஆன காலை வீடே நிம்மதியாக மூச்சுவிட்டு மோட்டாரைப் போடும். குளித்துவிட்டு வந்து, “4.6 ட்ரை பண்ணலாம்னு இருக்கேன்” என்பார்.

மாமா ஆவடி எச்.வி.எஃப்.பில் அஜேயா டாங்க் பூட்டி ரிட்டயர் ஆனவர். ஒருநாள் பொறுக்காமல் கேட்டுவிட்டார். “நாங்களும் டெஸ்ட் பண்ணுவோம்டா. முடிஞ்சா வண்டியப் பட்டாளத்துக்கு அனுப்பிடுவோம். நீ யாருக்குடா அனுப்பப் போற?”

தம்பி அசரவில்லை. “அர்ஜுன் டாங்க் 1974-ல சாங்ஷன் ஆச்சு, பட்டாளத்துக்குப் போனது 2004-ல. நீங்க என்னைப் பேசலாமாப்பா?”

“அது சி.வி.ஆர்.டி.இ. டிசைன். நாங்க கட்டிக் கொடுத்தவங்கதான்” என்று சொல்லிவிட்டு மாமா துண்டை உதறிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

இதுவரை சிரித்துக்கொண்டுதான் எழுதினேன். இனி சொல்வதில் சிரிக்க ஒன்றும் இல்லை. என் மகளுக்குப் பொறியியல் கவுன்சலிங். சாய்ஸ் ஃபில்லிங்கிற்குக் கடைசி நாள், சாயங்காலம். “சித்தப்பா, உங்க சிஸ்டம் வேணும்” என்று குழந்தை போய் நின்றாள். மறுக்கவில்லை, நாற்காலியைத் துடைத்து உட்கார வைத்தார். கல்லூரிகளை வரிசைப்படுத்தி முக்கால்வாசி முடித்தாள்; திரை நீலமாகிவிட்டது. மறுபடி ஏற்றினார், மறுபடி நீலம். ராத்திரி முழுக்க டார்ச்சர் தாங்கிய மெஷின், ஒரு பிரவுசர் பக்கத்துக்குத் தாங்கவில்லை. முழுப் பாரத்தில் நிற்கிற சிப், லேசான வேலையில் வேகமும் வோல்ட்டும் ஏறி இறங்கும்போது விழலாமாம். அப்போது அதையும் நின்று விளக்கினார். நாங்கள் அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்ட் பக்கம் பிரவுசிங் சென்டருக்கு ஆட்டோவில் ஓடினோம். அங்கே இருந்த பழைய டப்பாவுக்கு என்ன வேகம் என்று கடைக்காரருக்கே தெரியாது. வேலை முடிந்தது. வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் அதில் குழந்தைக்கு ஒரு படிவம் நிரப்ப முடிய வேண்டும். அதைவிடப் பெரிய டெஸ்ட் எனக்குத் தெரியாது. அன்றைக்கு அவரிடம் நான் பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை.

தெருவில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் செத்தாலும் காசு வாங்காமல் எழுப்பித் தருகிறவர் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். திருமுல்லைவாயலில் இருந்துகூட மடியில் சிபியூவை வைத்துக்கொண்டு வருகிறார்கள். அவர்களுடையதை ஒரு மெகாஹெர்ட்ஸ்கூட ஏற்ற மாட்டார்.

இப்போது கடையில் புதிதாக வாங்கினால் ஐ9-14900கே கம்பெனியிலிருந்தே 6 கிகாஹெர்ட்ஸ் வரை போகிறது, எதற்கு இந்தப் பாடு என்று கேட்டுப் பார்த்தேன். “அண்ணி, நியூஸ் பாக்கலியா?” என்றார். அந்த வகைச் சிப்புகளுக்கு வோல்ட் அதிகமாகப் போய் ஆட்டம் கண்டதை 2024-இல் இன்டெலே ஒப்புக்கொண்டு, வாரண்டியை இரண்டு வருடம் நீட்டியது. அந்தச் செய்தி வந்த வாரம் அவர் முகத்தில் இருந்த பிரகாசத்தை அவருடைய வேலை உறுதியான அன்றுகூட நான் பார்க்கவில்லை.

போன வாரம் புதுத் தகவல். இவருடைய சிப்பின் உலோக மூடிக்கு அடியில் கம்பெனி ஈயப் பற்று வைக்காமல் வெறும் பேஸ்ட்தான் தடவியிருக்கிறதாம். மூடியைப் பெயர்த்து, நல்ல பேஸ்ட் வைத்து மூடினால் சூடு இறங்குமாம். அதற்குப் பிளேடோ பட்டறை வைஸோ வேண்டும், கை நடுங்கினால் சிப் காலி. வைஸ் மாமாவின் டூல்ஸ் பெட்டியில் இருக்கிறது. கேட்டால் திட்டுவார் என்று நினைத்தேன். மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பிளேடு வேணாம்டா, உள்ள கீறிடும். வைஸ்ல பிடிச்சு மெதுவா இறுக்கினா தானா நகரும்” என்றார். வைஸின் வாய்க்கு ரப்பர் ஒட்டி எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை ராத்திரிக்கு நாள் குறித்தாயிற்று, டெஸ்ட் சனி, ஞாயிறு. நான் வியாழக்கிழமையே மாவை அரைத்து, தொட்டியை நிரப்பி, சட்டைகளையெல்லாம் இஸ்திரி போட்டு வைத்துவிடுவேன்.